புலால் மறுத்த இல்லங்களும் இரத்தக் குழாய் நலமும்



சமண அறநெறி போற்றும் தானங்கள் நான்கு. உணவு, அடைக்கலம், நூல் ஆகியவற்றோடு மருந்தும் அவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. நீதி நூல் யாத்த சமணப் புலவர்கள் மருந்தின் பெயரையே தம் நூலுக்குச் சூட்டியதும் உண்டு. காரியாசானின் சிறுபஞ்சமூலமும் கணிமேதாவியாரின் ஏலாதியும் அத்தகையன. ஆதலின் அறம் பேசும் இம்மேடையில் இரத்தக் குழாய்களைப் பற்றிப் பேசுவது வழி விலகியதாகாது.

புலால் உண்ணாத இல்லங்களில் ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இறைச்சி உண்பார்க்கு வரும் நோய்கள் என்பதே அது. இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியே மக்களை அயரச் செய்கிறது. பருப்பும் கீரையும் காய்கனிகளும் நிறைந்த உணவு குழாய்களுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் தட்டில் இறைச்சி இல்லை என்பதாலேயே அதில் கீரை இருக்கிறது என்று ஆகிவிடாது. ஊறுகாயிலும் அப்பளத்திலும் உயிர்க்கொலை இல்லை, உப்பு உண்டு. வனஸ்பதி முழுக்க முழுக்கத் தாவர எண்ணெயிலிருந்து செய்யப்பட்டதே. எனினும் அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத் தமனிக்குப் பெரும்பகையாக விளங்கியது. அக்கொழுப்பின் அளவை 2021 சனவரி முதல் 3 விழுக்காட்டுக்குள்ளும், 2022 சனவரி முதல் 2 விழுக்காட்டுக்குள்ளும் நிறுத்த வேண்டுமென நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்களுக்கோ எந்த விதியும் முழுக் காவல் தர இயலாது.

2004-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்னும் ஆய்வு 52 நாடுகளில் நடத்தப்பட்டது. முதல் மாரடைப்புக்கான காரணங்களுள் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்ட பங்கு, ஒன்பது காரணிகளில் அடங்கிவிடுவதை அது காட்டியது. புகையிலை, கொழுப்புச் சமநிலைக் கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம் முதலியன அவற்றுள் அடங்கும். அதே ஆய்வில் தென்னாசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. பிற நாட்டாருக்கோ ஏறத்தாழ 59. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பருவத்தில் ஆறு ஆண்டு என்பது சிறு வேறுபாடன்று.

குழாய் எவ்வாறு கெடுகிறது என்பதை அறிதல் பயன் தரும். ஒவ்வொரு தமனியின் உட்புறத்தையும் ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. அப்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. குருதி உறையாமலும் காக்கிறது. இந்த உண்மையை வெளிக்கொணர்ந்த மூவர்க்கு 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயர் அழுத்தமும் சர்க்கரையும் புகையும் இப்படலத்தைப் புண்படுத்துகின்றன. புண்பட்ட இடத்தில் எல்டிஎல் கொழுப்பு உட்புகுந்து தங்குகிறது; அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் பருத்து அங்கேயே மடிகின்றன. அப்படிவு பல்லாண்டுகள் எந்த வலியுமின்றி வளர்ந்து, ஒரு நாள் வெடித்து, அதன்மேல் குருதி உறையும் நொடியில்தான் நோய் தன் பெயரைச் சொல்கிறது. வலி இல்லை, ஆகவே நோய் இல்லை என்று கருதுவோர் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கீரையின் சிறப்பு இங்கே விளங்கும். இலைக் காய்கறிகளிலுள்ள நைட்ரேட்டு, நாவில் வாழும் நுண்ணுயிர்களால் மாற்றம் பெற்று, உடலில் நைட்ரிக் ஆக்சைடாகிறது. கிழங்கு வகைகளைத் தவிர்ப்பவர்க்குப் பீட்ரூட்டு இல்லையே என்ற குறை வேண்டா. முளைக்கீரையும் அரைக்கீரையும் போதும்.

உப்பைப் பொறுத்தவரை உலக நலவாழ்வு அமைப்பு விதிக்கும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. குழம்பு, மோர், வடகம், ஊறுகாய் எல்லாவற்றிலும் சேர்வது அந்த ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். பசுங்காய் தவிர்க்கும் நாட்களில் வடகமும் அப்பளமும் வற்றலும் தட்டில் ஏறுவதால் அன்றைய உப்பு இரு மடங்காதலும் உண்டு. நெய்யின் கதையும் அத்தகையதே. அது மருந்தெனக் கரண்டி கரண்டியாய் வார்ப்பவர் உளர். நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை உயர்த்தும் என்பது நெய்க்கும் பொருந்தும். பால் பொருள்களையும் விட்டொழித்தவர்க்கு வேறொரு குறை நேரும். வைட்டமின் பி12 தாவர உணவில் இல்லை. அது குறைந்தால் குருதியில் ஹோமோசிஸ்டீன் உயரும், நரம்பும் தளரும். மாத்திரையால் ஹோமோசிஸ்டீனைக் குறைத்த அளவில் மாரடைப்பு குறைவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. ஆயினும் நரம்பைக் காக்கவேனும் பி12 இன்றியமையாதது.

உட்கார்ந்த தொழில் மற்றொரு கேடு. 1953-இல் ஜெரி மோரிஸ் இலண்டன் மாடிப் பேருந்துகளின் பணியாளரை ஆராய்ந்தார். நாள்முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிடப் படியேறி இறங்கிய நடத்துநர்க்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே தெரு. வேறுபாடு படிகளில் இருந்தது. கடைக் கல்லாவிலும் கணினி முன்னும் அமர்ந்திருப்போர் நாளும் அரைமணி விரைந்து நடப்பது கடினமன்று.

இனி நோன்பு. புறத் தவங்கள் ஆறனுள் உண்ணாமை ஒன்று மட்டுமே பெரும்பாலும் நினைவில் நிற்கிறது. அதற்கு அடுத்து வைக்கப்பட்டுள்ள அவமௌதரியம், வயிறு நிறையுமுன் எழுதல். இரச பரித்தியாகமோ பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ துறத்தல். குழாய் நலத்திற்கு இவ்விரண்டையும்விட நெருங்கிய விதிகளை இன்றைய மருத்துவ நூல்களிலும் தேடித்தான் காண வேண்டும். வாரம் ஒரு நாள் உப்பும் இனிப்பும் துறப்பவர், ஆண்டுக்கொரு முறை முழுப்பட்டினி கிடந்து மறுநாள் பாரணையில் இனிப்புகளைக் குவிப்பவரைவிடத் தம் தமனிக்கு நன்மை செய்கிறார். பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமும் நல்லதே. இரவில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. ஆனால் பொழுது சாயுமுன் என்பதற்காக ஐந்து மணிக்கே பஜ்ஜித் தட்டை முடிப்பது அவ்விதியில் சேராது.

முழு உண்ணா நோன்பில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் நோன்பைக் கருதி, குருதி உறையாமைக்கான மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே குருதி உறைந்து அடைபடக் கூடும். இன்சுலினும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளும் உணவின்றி எடுக்கப்பட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழும். சிறுநீர் பெருக்கும் அழுத்த மாத்திரையோடு நீரும் அருந்தாதிருப்பவர் மயங்கி விழுவார். இத்தகையோர்க்கு ஒரு வேளை உணவு கொள்ளும் ஏகாசனமோ இரச பரித்தியாகமோ பொருந்தும். நோன்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னரே மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டினால், எம்மாத்திரையை அந்த ஒரு வேளைக்கு மாற்றலாம், எதனை மாற்றவே கூடாது என்பதை அவர் எழுதித் தருவார். அச்சீட்டின் படி ஒன்று வீட்டாரிடமும் இருத்தல் வேண்டும்.