எற்பாட்டின் இல்லறம்: பழவேற்காட்டுக் கரையில் முதுமையும் பொழுதும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



காதலைப் பாடிய அளவுக்கு முதுமையின் இல்லறத்தைத் தமிழ் பாடவில்லை என்று குறை கூறுவார் உண்டு. அக்குறை முழுதும் உண்மையன்று. தொல்காப்பியர் கற்பியலை முடிக்கும் இடத்திற்கு அருகே கிழவனையும் கிழத்தியையும் அவர்தம் கடைக்காலத்தில் நிறுத்திக் காட்டுகிறார். இன்பத்தை நிறைவுறத் துய்த்த பின்னர், காவலாய் அமைந்த மக்களோடும் அறம் புரியும் சுற்றத்தோடும் கூடியிருந்து, இருவரும் சிறந்த ஒன்றைப் பயின்று வருவதே கடந்துபோன வாழ்வின் பயன் என்பது அந்நூற்பாவின் கருத்து. அச்சிறந்தது யாது என்பதற்கு அறம், வீடு என உயர்ந்த பொருள் கொள்வது வழக்கம். எனினும் நூற்பாவில் கருதத்தக்க செய்திகள் வேறு இரண்டு உள. ஒன்று, அதனை ஒருவர் தனித்துச் செய்வதாக இல்லை. இருவரும் சேர்ந்தே செய்கின்றனர். மற்றொன்று, அது நாள்தோறும் செய்து பழகும் பயிற்சி.

பாவேந்தர் பாரதிதாசன் தம் 'குடும்ப விளக்கு' நூலை 'ஒருநாள் நிகழ்ச்சி'யில் தொடங்கி, விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு என வளர்த்து, ஐந்தாம் பகுதியாகிய 'முதியோர் காத'லில் முடித்தார். உடல் வனப்பு நீங்கிய பின்னும், துணையாள் உயிரோடு உடனிருக்கிறாள் என்பதையே பேரின்பமாகக் காணும் மணவழகரும் அவர் மனைவி தங்கமும் அப்பகுதியின் மாந்தர்கள்.

இவ்விரு நூல்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு, நெய்தல் நிலத்து முதியோரின் அன்றாட வாழ்வைப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். நிலம், பழவேற்காடு ஏரியையும் அதன் தெற்கே காட்டுப்பள்ளியையும் சூழ்ந்த மீனவர் குப்பங்கள்.

ஆணையில்லாத ஓய்வு

அரசு அலுவலருக்கு ஓய்வு ஒரு நாளில் வருகிறது. தமிழ்நாட்டில் 58 என்றிருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. வயது எதுவாயினும், மாலையும் சால்வையும் பிரிவுரையும் உண்டு; மறுநாள் காலை முதல் பொழுதை என் செய்வது என்ற வினாவும் உண்டு. அதற்கு விடையாகத்தான் தோட்டம் வளர்த்தல், நூல் படித்தல், இசை கேட்டல் ஆகியன பொழுதுபோக்கு என்ற பெயரில் நுழைகின்றன.

கடலோடிக்கு அவ்வாறு ஆணை வருவதில்லை. அவனுடைய ஓய்வு படிப்படியாக இறங்கி வருவது. தோள் தளரும்போது ஆழ்கடலை விட்டுக் கரையோரக் கடலுக்கு வருகிறான். அதுவும் இயலாதபோது, அலை குறைந்த ஏரிக்கு வருகிறான். ஏரியும் இயலாதபோது, படகு கரையேறும் இடத்தில் கயிறு பிடிக்கவும் மீன் பிரிக்கவும் நிற்கிறான். கடைசியாக வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்கிறான். கடலிலிருந்து திண்ணைக்கு உள்ள தொலைவு சில நூறு அடியே ஆயினும், அதனைக் கடக்க இருபது ஆண்டுகளும் ஆகலாம்.

இந்த இறக்கத்திற்குப் பழவேற்காட்டின் நில அமைப்பு துணை செய்கிறது. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சில்காவுக்கு அடுத்த பெரியது இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொணர, முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. கீழ்ப்புறம் கடல், மேற்புறம் ஏரி, இடையில் மணல்மேடும் குப்பமும். காட்டுப்பள்ளியோ ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும் சூழ்ந்த நீண்ட திட்டு. கடலில் முடியாதவனுக்கு ஏரியும், ஏரியில் முடியாதவனுக்குக் கரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எல்லாக் கடற்கரைக்கும் வாய்ப்பதன்று.

இவ்வேரியில் பாடு என்னும் முறையும் உண்டு. மீன் மிகுதியாய்ப் படும் இடங்களை வலியவர் கைப்பற்றிக் கொள்ளாதபடி, உரிமையுள்ள ஊர்களும் தலைக்கட்டுகளும் முறைவைத்தும் சீட்டுப்போட்டும் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பாட்டுரிமையைப் பற்றி ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்ற வழக்குகளில் பழைய முறையை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் முதியவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆகவே கடலைவிட்டு வந்தவன் ஊரைவிட்டு ஒதுங்குவதில்லை.

முதன்முறையாக ஒரே பொழுது

மீனவர் இல்லறத்தில் வெளியார் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. இளமையில் கணவனும் மனைவியும் ஒரே பொழுதில் வாழ்வதில்லை. விடியற்குமுன் அவன் கடலுக்குப் போகிறான். அவன் திரும்பும் நேரத்தில் அவள் கூடையோடு கரையில் நிற்கிறாள். மீனை வாங்கியதும் சந்தைக்கு நடக்கிறாள். அவன் உறங்கி எழும்போது அவள் வீட்டில் இல்லை. அவள் மீண்டு வந்து உலை வைத்து அயரும்போது அவன் மறுநாள் வலையைப் பார்க்கப் போய்விடுகிறான். பணம் அவள் கையில், படகு அவன் கையில். ஒருவரையொருவர் சார்ந்த வாழ்வு அது. ஆயினும் ஒருவர் பகல் மற்றவருக்கு இரவு.

இருவரும் ஒரே வெயிலில் ஒரே திண்ணையில் அமரும் காலம் முதுமையில்தான் வருகிறது. மற்ற இல்லங்களில் ஓய்வுக்காலம் பழைய உறவின் தொடர்ச்சி. இங்கோ அது ஒருவகையில் தொடக்கம். தொல்காப்பியர் சொன்ன பயிற்சி இங்கே புதிதாகவே தொடங்குகிறது.

அந்தப் பயிற்சியின் முதற்பாடம் வலை. கிழிந்த வலையைத் தனியொருவர் செப்பம் செய்தல் இயலாததன்று. ஆயினும் இருவர் இருப்பின் எளிது. ஒருவர் வலையை விரித்து இழுத்துப் பிடித்தால், மற்றவர் ஊசியில் நூல் கோத்துப் பொத்தலை அடைக்கலாம். கண்ணின் அளவு பிழைத்தால் மீன் தப்பும், அல்லது குஞ்சும் சிக்கும். பருத்தி வலைக் காலத்தில் நூலை முறுக்குவதும், பட்டைச் சாயத்தில் தோய்ப்பதும், ஒவ்வொரு நாளும் உலர்த்துவதும் குடும்பம் முழுவதின் வேலையாய் இருந்தன. நைலான் வந்து பரவிய பின் அவ்வேலைகள் பல மறைந்தன. இயந்திரத்தில் பின்னிய வலை கடைக்கு வந்தது. அன்று பிழைப்பாக இருந்த பின்னல், இன்று முதியவர் விரலுக்குப் பழக்கமாகவும் மனத்துக்கு ஆறுதலாகவும் எஞ்சியிருக்கிறது. பேரனின் வலையில் எலி கடித்த இடத்தை அடைத்துக் கொடுப்பதில் வரும் காசு சிறிது. வேலைக்கு இன்னும் ஆகிறோம் என்ற நிறைவு பெரிது.

இரண்டாம் பாடம் கருவாடு. இது அவளுடைய கலை. நெத்திலியும் காரப்பொடியும் வாளையும் எந்த மணலில், எத்தனை வெயில், எவ்வளவு உப்பு என்பதை அவள் கையே அறியும். கணவன் கடலில் இருந்த காலமெல்லாம் இவ்வேலையை அவன் கண்டதில்லை. இப்போது கையில் ஒரு கோலோடு காக்கை ஓட்டுவது அவன் பங்கு. உச்சி வெயிலில் மீனைத் திருப்பிப் போடவும் கற்றுக்கொள்கிறான். பிழையாகத் திருப்பினால் அவளிடம் ஏச்சும் கேட்கிறான். காற்றையும் நீரோட்டத்தையும் ஆண்டவன் காக்கைக்குக் காவல் இருப்பதில் ஊரார் நகைப்புக்கு இடமுண்டு. அவ்விருவருக்கோ அதில் குறைவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் இவ்வீடுகளுக்குத் திருவிழாவைப் போன்றது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் விசைப்படகுக்குச் செல்லும் மகன்மாரும் வீட்டில் இருப்பர், வலைகள் வெளியே வரும், திண்ணை பள்ளிக்கூடமாகும்.

மாலையும் வானொலியும்

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். எல் என்பது கதிரவன். அவன் படும் வேளை எற்பாடு. வாழ்வின் எற்பாட்டில் இருக்கும் இருவர், நாளின் எற்பாட்டில் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் காட்சியை அக்குப்பங்களில் எங்கும் காணலாம். குளிர்காலமாயின் ஏரிப்பக்கம் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இருக்கும். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் எழும் நாளில் வானத்தில் ஒரு தீக்கோடும் இருக்கும். அத்தகைய நாட்களில் கடலுக்குப் போகத் தடையும் இருக்கும்.

தாயக்கட்டையும் பல்லாங்குழியும் உண்டு, தொலைக்காட்சியும் உண்டு. ஆயினும் அம்மாலையின் உண்மையான பொழுதுபோக்கு காத்திருத்தல். வானொலியில் மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பை அவன் கேட்கிறான். அவள் அவன் முகத்தைப் பார்க்கிறாள். வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றின் பெயர்களை அவன் சொல்ல, எந்த ஆண்டு எந்தக் காற்றில் எவர் வீட்டுப் படகு திரும்பவில்லை என்பதை அவள் சொல்கிறாள். முன்பு தலைவனுக்காக இரங்கியவள் இப்போது மகனுக்காக இரங்குகிறாள்; வேறுபாடு என்னவெனில், முன்பு தனித்து இரங்கினாள், இப்போது உடனிருந்து இரங்க ஒருவன் உண்டு. கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் காத்திருப்பதன் சுமை என்ன என்பதை அம்முதியவன் கரைக்கு வந்த பின்னரே அறிகிறான். இருவர் இல்லறத்திலும் இதைவிடப் பெரிய புரிதல் வேறு இல்லை.

இடம் பெயரும் திண்ணை

இவ்வளவும் ஓரிடத்தைப் பற்றி நிற்கின்றன. வலை விரிக்க வெளி வேண்டும். கருவாட்டுக்கு மணல் வேண்டும். காத்திருக்கக் கடல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த இடமே ஐயத்துக்கு உள்ளாகியிருக்கிறது.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அது இயற்கையின் செயல். காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அடுத்துக் கப்பல் கட்டும் தளமும், 2013 சனவரியில் திறக்கப்பெற்ற துறைமுகமும் வந்தன. அவற்றுக்காகக் கடலோரக் குடியிருப்பு இடம் மாறியது. பின்னர் 330 ஏக்கரில் இருந்த துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதன்மீதான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இருமுறையும் நடைபெறாமல் நின்றது. அதே 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, வலையும் படகும் கறுத்தன.

வளர்ச்சி வேண்டாம் என்பது இவ்வுரையின் கருத்தன்று. நெய்தல் வாழ்வு முழுதும் இனிமை என்பதும் அன்று. கடனும் குடியும் கண்பார்வைக் குறைவும் அங்கே உண்டு. கடல் பலரை இளமையிலேயே கைம்பெண்களாக்கியிருக்கிறது. அவர்கள் திண்ணையில் இரண்டாவது இடம் வெறுமையாகவே கிடக்கிறது. மாதச் சம்பளம் கிடைக்கும் வேலைக்கு மகன் போகவேண்டும் என்று விரும்பும் பெற்றோரும் உளர், அவ்விருப்பம் நியாயமானதே. 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழக அரசு தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அத்தொகை பல வீடுகளில் மருந்துக்கு உதவுகிறது, மறுப்பதற்கில்லை.

ஆயினும் கணக்கில் ஏறாத ஒன்று இருக்கிறது. ஒரு குப்பத்தைப் பெயர்க்கும்போது வீட்டை எண்ணுகின்றனர்; படகை எண்ணுகின்றனர்; வேலை இழந்த இளைஞரை எண்ணுகின்றனர். திண்ணையில் வலை அடைக்கும் கிழவனும் மணலில் மீன் திருப்பும் கிழவியும் எப்பட்டியலிலும் இல்லை. அவர்கள் தொழிலாளர் அல்லர், ஓய்வு பெற்றவரும் அல்லர். கடல் தெரியாத தெருவில் கற்காரை வீடொன்றை அவர்களுக்கு அளிக்கலாம். அவ்வீட்டுக்கு மின்விசிறியும் குழாய்நீரும் இருக்கலாம். அவை நல்லவையே. ஆனால் நாற்பது ஆண்டுகள் வெவ்வேறு பொழுதில் வாழ்ந்து, இறுதியில் கைகூடிய ஒரே பொழுதை அவ்விருவரும் அங்கே எதனைக் கொண்டு நிரப்புவர்? இளைஞன் வேறு தொழில் கற்பான். எழுபது வயதில் வேறு பொழுது கற்பது கடினம்.

இலக்கிய வட்டத்தின் கடமை

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டம் இதில் செய்யக்கூடியது யாது? துறைமுகம் பற்றிய வழக்குக்கு வழக்கறிஞர் உளர். ஏரியின் நீருக்கு அறிவியலார் உளர். சொல்லுக்குக் காவலர் இலக்கியவாணரே. வலைக்கண்ணின் ஒவ்வோர் அளவுக்கும், ஏரியின் ஒவ்வோர் ஆழத்துக்கும், மேகத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் அந்தத் திண்ணைகளில் பெயர் இருக்கிறது. அகராதிகளில் ஏறாதவை அவற்றுள் பல. அவற்றை அறிந்த இருவருள் ஒருவர் மறைந்தால், மற்றவர்க்கு அவற்றைப் பேசக் கேட்பாரில்லை. பேசாத சொல் ஓராண்டிலேயே மறைந்துவிடும்.

ஆதலால் வட்டத்தின் இளைஞர்கள் ஆண்டுக்குச் சில நாளேனும் இக்குப்பங்களுக்குச் சென்று, முதியோரிடம் அமர்ந்து, அச்சொற்களைத் தொகுக்க வேண்டும். ஆணிடம் மட்டும் கேட்டுத் திரும்புதல் கூடாது. கடலின் பெயர்கள் அவனிடமும், மீனின் பெயர்களும் விலையும் இறப்பும் பிறப்பும் அவளிடமும் இருக்கின்றன. இருவரையும் சேர்த்து இருத்திக் கேட்டால், ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பர். போகும்போது எழுதுகோலோடு, கிழிந்த வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆயத்தமான கைகளையும் கொண்டு செல்க. வலை அடைபடும் வரையில் பேச்சுக்குக் குறைவிராது.