பேரன் அச்சேற்றிய நாட்குறிப்பு

குன்னூர் பக்கத்துல, ஜெகதளாவிலிருந்து பேசுறேன். எங்க மலையில பாட்டும் ஆட்டமும் இல்லாத படுகர் கல்யாணம் கிடையாது. ஆனா அந்தப் பாட்டைக் கட்டினது யாருன்னு கேட்டா, முக்கால்வாசிப் பேர் யோசிப்பாங்க. அதனாலதான் தமிழ்நாடே பாடின பாட்டுகளை எழுதின ஒருத்தரோட பேரு எப்படித் தப்பிச்சு நம்ம கைக்கு வந்துச்சுங்கிற கதையை இன்னிக்கு எடுத்துக்கிட்டேன்.

மதுரகவி பாஸ்கரதாஸ். பிறந்தது 1892. இயற்பெயர் வெள்ளைச்சாமி. அவர் பாட்டு எழுதின காலத்துல மதுரைதான் ஸ்பெஷல் நாடகத்துக்குத் தலைநகரம். அந்த நாடகத்துக்கு நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட்ங்கிற கதாநாயகன் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்ங்கிற கதாநாயகி ஒரு ஊரு, ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊரு. ராத்திரி மேடையில கூடுவாங்க, விடிய விடிய வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நடத்துவாங்க, காலையில அவங்கவங்க வழியில போயிடுவாங்க. கதை ஜனங்களுக்கு மனப்பாடம். அப்போ ஒரு நடிகர் இன்னொருத்தரை எதுல ஜெயிக்கிறது? புதுப் பாட்டுலதான். அதனால பாட்டு எழுதிக் கொடுக்கிற வாத்தியாருக்கு அவ்வளவு கிராக்கி. பாஸ்கரதாஸ் பாட்டை நாடக நடிகர் விசுவநாததாஸ் மேடையில பாடினார். பாடகி கே.பி. சுந்தராம்பாள் குரல்ல அது கிராமபோன் தட்டாவும் வந்துச்சு. தட்டுல ஒரு பக்கம் ஓடுறது மூணு நிமிஷமும் கொஞ்சமும்தான். மேடையில அரைமணி நேரம் இழுக்கிற பாட்டை அதுக்குள்ள அடக்கியாகணும்.

1919-ல ஜாலியன்வாலா பாக் படுகொலை. அதுக்கப்புறம் மேடைப் பாட்டோட போக்கே தேசபக்திப் பக்கமா மாறிடுச்சு. 1876-ல வந்த நாடகச் சட்டம் வெள்ளைக்கார அரசாங்கத்தோட கையில இருந்தது, பிடிக்காத நாடகத்தைத் தடை பண்ணலாம். ஆனா வள்ளி திருமணத்தை எந்த முகத்தோட தடை பண்றது? தினைப்புனத்துல வள்ளி ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவா. அந்த இடத்துல கதர் வரும், ராட்டினம் வரும், காந்தி வருவார். கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஜனங்க ‘ஒன்ஸ்மோர்’ கேட்பாங்க! இப்படிப் பாடிப் பாடியே விசுவநாததாஸ் பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940 கடைசியில, முருகன் வேஷத்துல மேடையிலேயே உயிர் விட்டார்.

இந்தப் பாட்டு அப்படியே சினிமாவுக்கும் தாவிடுச்சு. 1931 அக்டோபர் 31, சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டர்ல முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியாகுது. ஹெச்.எம். ரெட்டி டைரக்‌ஷன், பம்பாயில எடுத்த படம். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ்ல பேசுறாங்க, கதாநாயகன் தெலுங்குல பதில் சொல்றார். கதை பழங்கால வடமொழிக் கவிஞரோடது. நடுவுல ராஜலட்சுமி காந்தியோட ராட்டினத்தைப் பத்திப் பாடுறாங்க! எழுதினது பாஸ்கரதாஸ். பொருத்தமே இல்லையேன்னு இன்னிக்கு நமக்குத் தோணலாம். அன்னிக்கு ஸ்பெஷல் நாடகம் பார்த்துப் பழகின ஜனங்களுக்கு அது அவங்க வழக்கமான ராத்திரிதான். நம்ம தமிழ்ப் பேசும்படமும் அரசியலும் முதல் நாளே சேர்ந்து பிறந்ததுன்னு நான் சொல்றது இதை வெச்சுத்தான்.

பாஸ்கரதாஸ் இறந்தது 1952-ல. பாடினவங்க பேரு நின்னுடுச்சு, எழுதினவர் பேரு மெல்ல மங்கிடுச்சு. அதை மீட்டுக் கொடுத்தது அவர் பேரன். மணல்மகுடி நாடகக்குழு நடத்துற ச. முருகபூபதி. எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனோட தம்பி. தாத்தா 1917-லிருந்து 1951 வரைக்கும் எழுதி வெச்ச நாட்குறிப்புகளைத் தேடிச் சேர்த்து, தடிமனான ஒரு புத்தகமாவே கொண்டு வந்துட்டார். வாத்தியார் போன ஊரு, பார்த்த ஆளு, பாட்டு எழுதிக் கொடுத்த கணக்குன்னு ஒரு முழு நாடக உலகத்தோட அன்றாடம் அதுல இருக்கு. பேரனும் நாடகக்காரர்ங்கிறதாலதான் அந்தத் துணுக்குக் குறிப்புகளோட மதிப்பு அவருக்குப் புரிஞ்சிருக்கணும்னு நினைக்கிறேன்.

‘காளிதாஸ்’ பிரதி ஒண்ணுகூட இன்னிக்கு மிச்சமில்லை. படத்தைப் பார்க்க வழியில்லை. அதுக்குப் பாட்டு எழுதின மனுஷன் வாழ்ந்த நாளை மட்டும் தேதி போட்டுப் படிக்கலாம்.