குடிநோயில் விழுந்த நண்பருக்கு நாம் செய்ய வேண்டியது

(கங்கைகொண்ட சோழபுரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில், சக ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



போதை ஒழிப்பு பற்றி மாணவர்களிடம் நிறையப் பேசுகிறோம். உறுதிமொழி எடுக்க வைக்கிறோம், பேரணி அழைத்துப் போகிறோம், ஓவியப் போட்டி வைக்கிறோம். இன்று நம்மைப் பற்றிப் பேசலாம். நம்மோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் குடிக்கு அடிமையானால் நாம் என்ன செய்கிறோம்?

பெரும்பாலும் மறைக்கிறோம். "மனுஷன் தங்கம், இது ஒண்ணுதான் குறை" என்கிறோம். அவர் வராத நாளில் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறோம். அவருடைய வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறோம். மாதக் கடைசியில் கைமாற்றும் கொடுக்கிறோம். எல்லாம் நல்லெண்ணத்தில்தான். ஆனால் நாம் மறைக்கும் ஒவ்வொரு நாளும் அவர் மருத்துவமனைக்குப் போவது தள்ளிப்போகிறது. பின்னம் நடத்த வேண்டிய மாதத்தில் பாதி நாள் வகுப்பு நடக்காவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த வகுப்பிலும் கணக்கில் தடுமாறும்.

முதலில், இது ஒழுக்கக் கேடு மட்டும் என்ற எண்ணத்தை விட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மது அடிமைத்தனம் இருக்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமை என்கிறது. "வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து" என்று அஞ்சும் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கணவரைக் குடிநோய்க்கு இளம் வயதிலேயே பறிகொடுத்தவர் சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன். அவர் அந்தத் துயரத்தை மூடி வைக்கவில்லை. 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தினருக்கும் ஆலோசனை உண்டு. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. குடிப்பவரோடு அவரைச் சுற்றி இருப்பவர்களும் மாற வேண்டும் என்பதே அந்தச் சிகிச்சை முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நாம் எப்படி மாறுவது?

குடித்திருக்கும்போது பேசாதீர்கள். தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் தனியாகப் பேசுங்கள். அறிவுரை வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள். "சார், போன வாரம் ரெண்டு நாள் உங்களுக்குக் கை நடுங்கி, போர்டுல எழுத முடியல. எனக்குப் பயமா இருக்கு. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன்" என்றால் போதும். "போங்க" என்பதைவிட "கூட வர்றேன்" என்பதற்குப் பலம் அதிகம்.

அடுத்து, "இன்றோடு நிறுத்திவிடு" என்று சத்தியம் வாங்காதீர்கள். நம் பக்கத்தில் கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது மன உறுதி தரலாம். ஆனால் பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், அடுத்த இரண்டு மூன்று நாள்களில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். குடும்பத்தாரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கக் கூடாது. சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, இதயம் பாதிக்கப்படும்.

நமக்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022 முதல் இயங்குகிறது. அங்கே மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம். நண்பர் வர மறுத்தாலும், அவரைப் பற்றி நீங்களோ அவருடைய மனைவியோ போய் ஆலோசனை கேட்கலாம்.

கைமாற்றைப் பணமாகக் கொடுக்காதீர்கள். வீட்டில் மளிகை இல்லையென்றால் மளிகை வாங்கிக் கொடுங்கள். பிள்ளையின் கட்டணத்தை நேரில் கட்டுங்கள். குடித்த நிலையில் வந்தால் வகுப்புக்குள் விடவே கூடாது. அதைத் தலைமையாசிரியரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. பிள்ளைகளின் பாதுகாப்பு அது. அதோடு, "மருத்துவ விடுப்பில் சிகிச்சைக்குப் போகட்டும் ஐயா" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்து திரும்பும் நாள்தான் நமக்கு உண்மையான தேர்வு. "என்ன சார், சாமியாராயிட்டீங்களா?" என்ற ஒரு கேலி அவரைப் பழைய கூட்டத்துக்கே அனுப்பிவிடும். பணி நிறைவு விழா விருந்துக்குப் பிறகு ஒதுங்கிக் கொண்டாடும் வழக்கம் எங்காவது இருந்தால் விட்டுவிடுவோம். மாலையில் பள்ளி விடும் நேரம் அவருக்குக் கடினமான நேரம். அவரோடு ஒரு டீ குடித்துவிட்டு, பேருந்து ஏறும் வரை பேசிக்கொண்டிருங்கள்.

மறுபடியும் குடித்துவிடலாம். சர்க்கரை அளவு ஏறிவிட்டது என்பதற்காக நோயாளியை மாத்திரையை நிறுத்தச் சொல்கிறோமா? அதுபோல, அவரை மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். உங்களுக்குச் சலிப்பு வந்தால் இன்னொரு நண்பரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் உங்கள் மனத்தில் யாராவது ஒருவர் முகம் வந்தால், அந்தப் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம். இந்த வாரத்தில் ஒரு காலை அவரிடம் போய்ப் பேசுங்கள்.