காற்று மெத்தை

பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே ஹோவர்கிராஃப்ட் செய்யலாம், தெரியுமா? வட்டமாக அறுத்த பிளைவுட், அடியில் கொஞ்சம் தொளதொளவென்று அடித்த தடித்த பிளாஸ்டிக் தாள், தாளின் நடுப்பக்கத்தில் சில ஓட்டைகள், மேலே சருகு ஊதும் புளோயர். சுவிட்சைப் போட்டதும் தாள் உப்பும். ஓட்டைகளில் கசியும் காற்று தரையோடு மெல்லிசாகப் பரவும். அப்பாவே ஏறி உட்கார்ந்தாலும் சின்ன மகள் லேசாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். வழவழப்பான தரை வேண்டும். மணலில் பாச்சா பலிக்காது.

இங்கிலாந்தில் ஹோவர்கிராஃப்டைக் கண்டுபிடித்த கிறிஸ்டோபர் காக்கரெலும் சமையலறைச் சாமானில்தான் ஆரம்பித்தார். காப்பி டின்னுக்குள் பூனைத் தீனி டின்னை வைத்து, இடைவெளியில் காற்றை ஊதி, தராசில் அழுத்தம் பார்த்தார். ஒற்றை டின்னைவிட விசை கூடியிருந்தது. 1959 ஜூலை 25-இல் அவருடைய எஸ்.ஆர்.என்.1 என்ற ஹோவர்கிராஃப்ட் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. அதில் காக்கரெலுக்கு என்ன வேலை என்கிறீர்கள்? எடை சமமாக இருக்க, அங்கும் இங்கும் நகர்ந்து நிற்பது!