கரந்துறையும் காவலூரும்



ஒரு பொருளைப் பூட்டி வைப்பது வேறு; அது இருப்பதே தெரியாமல் வைப்பது வேறு. பூட்டைக் கண்டவன் உள்ளே பொருள் உண்டென்று அறிந்துகொள்வான். இரண்டாம் வகையில் நம் புலவர்கள் கைதேர்ந்திருந்தனர். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் ஒன்று கூடசதுக்கம். நான்காம் அடியின் எழுத்துகள் யாவும் முன்னைய மூன்றடிகளுள் மறைந்து நிற்பது அது. கரந்துறைச் செய்யுளிலோ ஒரு பாட்டினுள் மற்றொரு பாட்டே குடியிருக்கும். சொல்விளையாட்டென்று பலர் ஒதுக்கிய இக்கலை, இன்று கணிப்பொறிப் படங்களுக்குள் நடைபெறுகிறது.

கணிப்பொறிப் படம் புள்ளிகளின் அணிவகுப்பே. எளிய கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். அதனை எட்டு பிட்டுகளால் எழுதுவர். கடைசிப் பிட்டை மாற்றினால் 182 என்பது 183 ஆகும். கண் அதை அறியாது. அக்கடைசி இடங்களிலெல்லாம் செய்தியைச் சிறுகச் சிறுக வைத்துவிடலாம். பக்கத்துக்கு 1,024 புள்ளிகள் கொண்ட சதுரப் படத்தில் இவ்வாறு 1,31,072 பைட்டுகள் கொள்ளும். திருக்குறளின் எழுத்துகள் 42,194 என எண்ணிச் சொல்வதுண்டு; எழுத்துக்கு இரண்டு பைட்டுகள் கொடுத்தாலும் முப்பாலும் அடங்கி, இடமும் மிஞ்சும்!

எனினும் மறைவு முழுமையானதன்று. படத்தை ஜேபெக் முறையில் சுருக்கினால் செய்தி சிதைந்துபோகும். அன்றியும், எல்லாப் புள்ளிகளிலும் செய்தியை நிரப்பினால் 182, 183 போன்ற இணையெண்கள் ஏறத்தாழச் சம அளவில் வரத் தொடங்கும். இயற்கையான படத்தில் அத்தகைய ஒழுங்கு அரிது. இதனைக் கொண்டே ஒளித்ததைக் கண்டறியும் வழியை 1999ஆம் ஆண்டு வெஸ்ட்ஃபெல்டு, ஃபிட்ஸ்மன் என்னும் இருவர் காட்டினர்.

ஜவ்வாது மலையின் காவலூரில் நிலைமை தலைகீழ். அங்கே வைணு பாப்பு வான் ஆய்வகத்தில், 1986இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. ஒருவரும் பாரார் என்று மறைப்போர் நம்பும் இடத்தையே வானியலார் உற்று நோக்குகின்றனர். மங்கிய விண்மீன் என்பது, சுற்றியுள்ள இருளைவிடச் சற்றே மிகுந்த ஓர் எண்தானே? பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி காணும்போது, தற்செயலான ஏற்றத்தாழ்வு தணிந்து உண்மை ஒளி மேலெழும்.

சிறு மாற்றம் எத்தகைய செய்தியைச் சுமக்கும் என்பதற்கு அம்மலையிலேயே சான்றுண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளின் அருகே தோன்றிய விண்மீன் ஒன்றை, 102 செ.மீ. தொலைநோக்கியால் நோக்கிக்கொண்டிருந்தனர். விண்மீனின் ஒளி சில விநாடிகள் குறைந்து மீண்டது. அது படமன்று, ஒளிமானியின் பதிவு. அன்றைய இரவு வேறிடங்களிலும் பதிவான இத்தகைய குறைவுகளே யுரேனஸைச் சூழ்ந்த வளையங்களை வெளிப்படுத்தின. அப்பதிவில் எவரேனும் தம் இரகசியத்தைச் செருகியிருந்தால், வளையம் எது, செருகல் எது என்று எவ்வாறு பிரிப்பது?

படத்தின் உரிமையாளரைக் காட்ட மறைமுத்திரை பதிக்கும் வழக்கம் பிற துறைகளில் உண்டு. அது தவறும் அன்று. வானியலார் 1981 முதல் கையாளும் ஃபிட்ஸ் என்னும் கோப்பு முறையோ வேறு வழியில் செல்கிறது. எந்த விண்மீன், எந்த இரவு, எத்தனை விநாடி ஒளி ஏற்கப்பட்டது என்பன எல்லாம் கோப்பின் தலைப்பில், நூலின் பாயிரம்போல, எவரும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதப்படுகின்றன. அதற்குப் பின்னரே புள்ளிகள் தொடங்குகின்றன.