ஓடும் சேவையை எப்போது நிறுத்தித் தொடங்குவது?



சர்வரில் ஒரு மென்பொருளைப் புதுப்பித்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். முடிவதில்லை. வட்டில் புதிய கோப்பு வந்து அமர்ந்துவிடும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை, நினைவகத்தில் ஏற்றிய பழைய நிரலை விடாது. லினக்ஸில் அழிக்கப்பட்ட கோப்பும்கூட, அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரல் கைவிடும்வரை வட்டிலிருந்து நீங்காது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நிரல் நூலகத்தின் ஹார்ட்பிளீட் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது திருத்தம் உடனே கிடைத்தது. அதை நிறுவிவிட்டுச் சேவைகளை மறுதொடக்கம் செய்யாத சர்வர்களில் ஓட்டை அப்படியே திறந்து கிடந்தது.

இந்த மறதிக்கு மருந்தாக வந்தது நீட்ரீஸ்டார்ட் என்னும் கருவி. பழைய நூலகத்தைப் பிடித்திருக்கும் சேவைகளைக் கண்டுபிடித்து அது மறுதொடக்கம் செய்யும். லினக்ஸின் டெபியன் குடும்பத்தில் அது நன்கு அறிமுகமானது. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே என்பதால், இது நம் வீட்டு விவகாரமும்தான். உபுண்டு சர்வர் 22.04, எந்தெந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்யலாம் என்று நிர்வாகியைக் கேட்டு நிற்கும். 24.04 கேட்பதில்லை, தானே மறுதொடக்கம் செய்துவிடுகிறது. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். கேள்வி கேட்கும் திரையை ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டே பல சர்வர்கள் பழைய நிரலோடு மாதக்கணக்கில் ஓடுகின்றன. ஆனால் அந்தக் கருவியும் ரூட் எனப்படும் முழு அதிகாரத்தோடு ஓடுவது. 2014 முதல் அதற்குள்ளேயே இருந்த ஓட்டைகளை 2024 நவம்பரில்தான் குவாலிஸ் நிறுவனம் வெளிப்படுத்தியது.

என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது வேறொரு நிகழ்வு. 2023 மார்ச் 8, இந்திய நேரம் முற்பகல் 11.30 மணிக்குப் பிறகு, டேட்டாடாக் நிறுவனத்தின் சர்வர்களில், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருளின் பாதுகாப்புத் திருத்தம் தானாக நிறுவப்பட்டது. அதோடு பிணையச் சேவையும் மறுதொடக்கமானது. மீண்டும் தொடங்கிய அந்தச் சேவை, வேறொரு மென்பொருள் போட்டிருந்த பிணைய வழித்தடங்களை அழித்துவிட்டது. வெவ்வேறு கண்டங்களில் தனித்தனியே நிறுவப்பட்டிருந்த சர்வர்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் பிணையத்தை இழந்தன. முழுதாக மீள ஒரு நாளுக்கும் மேலானது. திருத்தத்தில் குற்றமில்லை. எல்லா இடத்திலும் ஒரே நேரம் வைத்ததுதான் குற்றம்.

இதைப் பேச, நாம் கூடியிருக்கும் தூத்துக்குடியின் மீனவர் பகுதியான திரேஸ்புரம் பொருத்தமான ஊர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தித்தான் எஞ்சினைப் பிரிப்பார்கள். நடுக்கடலில் எவரும் பிரிப்பதில்லை. சர்வருக்கு அப்படி ஒரு தடைக்காலம் கிடையாது. நாம்தான் அதற்கு ஒரு வேளையைத் தேடித் தரவேண்டும். தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குப் புறப்படுகின்றன. கிளம்பும் முன் காற்றையும் அலையையும் பார்க்கிறார்கள். நாட்டுப்படகுக்காரருக்கும் சங்கு குளிப்பவருக்கும் அந்தத் தகவல் இன்னும் முக்கியம். அந்த நேரத்தில் எச்சரிக்கைச் சேவை ஒன்று மறுதொடக்கத்தில் சிக்கி எழாமல் போனால், கைபேசியில் செய்தி வராததை அமைதியான கடல் என்றே கரையில் நிற்பவர் எடுத்துக்கொள்வார்.

ஆகவே இந்த அவையிடம் என் கோரிக்கை இது. தானியங்கி மறுதொடக்கத்தை முடக்கிவைக்காதீர்கள். ஒரு சர்வரில் முதலில் செய்து, அது எழுந்து பதில் சொல்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கடலோரச் சேவைகளுக்கு எந்த வேளையில் கை வைக்கலாம் என்ற அட்டவணையை, இங்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மீனவர்களையும் சேர்த்து இன்று பிற்பகல் அமர்விலேயே எழுதத் தொடங்குங்கள்.