கடமைக்குச் செல்வோரும் வீட்டு நாயும்

நாய் நன்றியுள்ள பிராணி என்பது பாலர் வகுப்பிலேயே படிப்பிக்கப்படும் பாடம். அந்த நன்றியைப் பெறுகிறவன் நாய்க்குச் செய்யவேண்டியது யாது என்பதைப் பற்றி அத்துணை பேச்சில்லை. வீட்டில் எந்நேரமும் ஆள் இருந்த காலத்தில் அக்கேள்வி பெரிதாக எழவுமில்லை. இன்றோ வைத்தியசாலைத் தாதியர், புகையிரத ஊழியர், காவலாளர், தொழிற்சாலைப் பெண்கள் ஆகியோர் முறைவைத்து இரவும் பகலும் கடமை பார்க்கின்றனர். 12 மணிநேரக் கடமையுடன் பஸ் பயணத்தையும் கூட்டினால், தனியே வாழும் ஒருவரின் நாய் 14 மணிநேரம் தனித்திருக்க நேரும்.

வளர்ந்த நாய் ஒரு நாளிற் பாதிப் பொழுதை உறங்கியே கழிக்கும். ஆகவே தனிமை முழுவதும் அதற்குத் துன்பம் என்று கொள்ளவேண்டியதில்லை. ஆனால் வீட்டினுள் அடைபட்ட நாய் சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடக்கும். 8 மணிநேரத்துக்கு மேலும் அதனை அவ்வாறு இருக்கச் செய்தல் கொடுமை. குட்டியோ அவ்வளவும் பொறாது. 2 மாதக் குட்டி இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை வெளியே போகவேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை உண்ணவும் வேண்டும். நீண்ட கடமை பார்ப்பவர் குட்டி வாங்கும் ஆசையை விட்டு, வளர்ந்து அமைதிப்பட்ட நாயொன்றை ஏற்பதே நன்று.

பலர் கண்ட வழி இரண்டு. ஒன்று சங்கிலி, மற்றது திறந்த படலை. கட்டுண்ட நாய், வெயில் திரும்பும்போது நிழலைத் தேடிப் போகமுடியாது. அதற்கு மனிதரைப்போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே வெப்பத்தைத் தணிக்கிறது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்துவிட்டால் அதன் கதி என்ன? படலையைத் திறந்துவிடுவது அதனினும் கேடு. தெருவில் அலையும் நாய் வாகனத்தில் அடிபடலாம், விசர்நாயிடம் கடிபடலாம். அந்நோயின் குறிகள் தோன்றியபின் மனிதரும் பிழைத்தல் மிக அரிது. தடுப்பூசியைக் கடமை நேரங் காரணமாகத் தள்ளிவைத்தல் ஆகாது.

அவசரத்தில் வைக்கும் உணவொன்றும் உண்டு. எஞ்சிய கறியைச் சோற்றிற் பிசைந்து வைத்துவிட்டு ஓடுவர். அக்கறியிலுள்ள வெங்காயம் நாயின் செங்குழியங்களை அழிக்கவல்லது என்பது பலருக்குத் தெரியாது.

கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசியில், 20 ஆண்டுகளின் பின் மாறுவேடத்தில் வந்த ஒடிசியசை அவனுடைய நாய் ஆர்கசு அடையாளங்கண்டு, வாலை ஆட்டி, உயிர்விடுகிறது. அதன் அன்பையே யாவரும் வியப்பர். அந்நாய் உண்ணி மொய்க்க எருக்குவியலிற் கிடந்தது ஏன் என்பதையும் கவி சொல்லாமல் விடவில்லை: தலைவன் இல்லாத வீட்டில் அதனைக் கவனிப்பாரில்லை. பணியாட்களுக்குக் குறைவில்லாத வீடுதான் அது; ஆயினும் நாய் எவர் பொறுப்பிலும் இருக்கவில்லை.

ஆதலால் கடமைக்குப் போகிறவர் அயலில் ஒருவரை முன்கூட்டியே வேண்டிக்கொள்ளல் வேண்டும். யாராவது பார்ப்பார்கள் என்றிருத்தல் போதாது. நாய் நன்கு பழகிய ஓய்வூதியரொருவர் இடையில் ஒருமுறை வந்து அதனை வெளியே நடத்தித் தண்ணீரையும் மாற்றிவைத்தால், அந்த 14 மணிநேரம் இரண்டாகப் பிரிந்துவிடும். கடமை முறை வாரந்தோறும் மாறுமாயின் அட்டவணையின் பிரதியொன்று அவர் கையில் இருக்கவேண்டும். மிருக வைத்தியரின் தொலைபேசி எண்ணையும் அதன் கீழே எழுதிவைக்கலாம். கைம்மாறாக ஏதேனும் கொடுப்பதும் முறையே. இரவுக் கடமை முடிந்து வருபவர், படுக்கைக்குப் போகுமுன் நாயை அரைமணி நேரம் நடத்தி வந்து உணவு வைத்தால், அவர் உறங்கும் வேளையில் அதுவும் உறங்கப் பழகிக்கொள்ளும்.